கோடுகள் சுற்றிப் போன இடம்

ஒரு மணப்பெண்ணின் இமை

இராமநாதபுரத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். கமுதிப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். டிவி ரிப்பேர் கடைகளில் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. ஸ்டுடியோவில் மட்டும் மிக்ஸிங் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கல்யாண வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரு பூவுக்குள் சுழலவிடுவதற்குப் பெயர்தான் மிக்ஸிங்.

முதலாளியின் பெயர் ராஜமாணிக்கம். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அன்று காலை ஒரு கல்யாண கேசட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் வெளியே போனார். கடைசிக் காட்சியில் பெண் காரில் ஏறுகிறாள். ஏறும் முன் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கும் பொத்தான் என் கையில் தட்டுப்பட்டது. படம் மெதுவாக நகர ஆரம்பித்தது. அவளுடைய இமை மூடித் திறக்க வெகுநேரம் ஆனது. கண்ணீர் கன்னத்தில் இறங்குவதற்குள் அவளுடைய முகம் மூன்று நான்கு முகமாக மாறியது. சாதாரண வேகத்தில் அதில் எதுவும் தெரியவில்லை. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அண்ணன் வந்து பார்த்தார். "ஏம்மா, பொண்ணு இம்புட்டு நேரம் அழுதா பாக்குறவுக என்ன நெனப்பாக? வெட்டும்மா அத" என்றார். ஆனால் வெட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. பெண் வீட்டார் வந்து வாசலில் நின்றார்கள். கேசட் அப்படியே போய்விட்டது.

ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் தகப்பனார் தனியாக வந்தார். ஏதோ குறை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் பயந்தோம். அவர் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று முறை பார்த்தார். பிறகு எழுந்து போனார். மறுநாளிலிருந்து அண்ணன், "அந்த மெதுவா போறத எல்லாத்துலயும் கொஞ்சம் போட்டுரும்மா" என்று சொல்ல ஆரம்பித்தார்.

கண் தவறவிட்டதைக் கருவி பிடித்துக் காட்டும் என்று அன்று எனக்குள் பதிந்தது. அடுத்த பல வருடங்கள் அந்த ஒரு எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன். அதில் ஆபத்தும் இருக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அலை இப்படி வராது

கேசட் போய் சிடி வந்தது. சிடி போய் பென்டிரைவ் வந்தது. பிறகு கல்யாண வீட்டுக்காரர்களே போனில் எடுத்துப் போனிலேயே எடிட் செய்துகொண்டார்கள். அண்ணன் கடையை மூடினார். அதற்கு முன்பே நான் எல்இடி விளக்குகளுக்கு புரோகிராம் எழுதப் பழகியிருந்தேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கட்சி மாநாடு என்று வேலை வந்தது. எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று ஒரு சின்ன போர்டில் எழுதி ஏற்றுவேன். சீரியல் செட் போட்டவர்கள் ஓடுகிற விளக்கை மட்டும் செய்துகொண்டிருந்தபோது நான் மழை செய்தேன், புகை செய்தேன், வயலில் காற்று அடிப்பதைச் செய்தேன்.

அந்த விளக்கு வேலைகளை யாரோ எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு மதுரையில் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் இதற்கு 'நியூ மீடியா ஆர்ட்' என்று பெயர் இருப்பது தெரிந்தது. ஆர்டிஸ்ட் என்று எழுதிய ஒரு அட்டையை என் கழுத்தில் மாட்டினார்கள். நாற்பத்தைந்து வயதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது அதை நான் கழற்றவில்லை.

அடுத்த வருடம் பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் சர்ச் திருவிழா. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் போகப்போக விளங்கும். தேர்பவனிக்காகச் சுவர் முழுக்க விளக்கு கட்டி அலை அடிப்பது போல் செய்திருந்தேன். எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் இடுப்பில் கை வைத்து, தப்புக் கண்டுபிடிக்கும் முகத்தோடு பார்த்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வெயிலில் கறுத்த முகம், கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி அழுத்திய வெளிர் வளையம். விரல் நுனிகள் எல்லாம் கீறல்.

"இது நீங்க செஞ்சதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அலை இப்படி வராது. கரையில இருந்து பாத்தவுக செஞ்ச மாதிரி இருக்கு."

அவள் பெயர் ஆரோக்கியமேரி. கடல்பாசி எடுக்கும் பெண். முப்பது பெண்கள் சேர்ந்து வல்லம் என்கிற நாட்டுப்படகில் போய், மூச்சடக்கி மூழ்கி, பாறையில் வளரும் பாசியைக் கையால் பறித்து வருவார்கள். நான் கடலில் இறங்கியதே இல்லை என்று சொன்னதும் அவளுக்கு ஆச்சரியம். கச்சான் என்கிற மேல்காற்று ஓய்ந்த பிறகு வரச் சொன்னாள்.

தண்ணீருக்குள் முகம்

எங்கள் ஊரில் கண்மாய் மட்டும்தான். அதுவும் பாதி வருடம் காய்ந்து கிடக்கும். எனக்கு நீச்சல் தெரியாது. வல்லம் கிளம்பிக் கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயராணி என் தலையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வயதுக்காரி, அந்தக் கூட்டத்திலேயே அதிக மூச்சு உள்ளவள். "மீனுக்கு எர போடுறாக எங்க கம்ப்யூட்டர் அக்கா" என்று அவள் சொன்னதும் வல்லமே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான்.

தீவு ஒன்றின் பக்கத்தில் இடம் வந்ததும் பெண்கள் தயாரானார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை. விரல்களில் துணிச்சுற்று. இடுப்பில் வலைப்பை. கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். சற்று நேரத்தில் வல்லத்தில் நானும் படகோட்டியும்தான்.

மேரி ஒரு கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். வல்லத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விடச் சொன்னாள். விட்டேன்.

இன்றைக்கும் அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கீழே வெயில் வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் பெண்கள் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். சேலைகள் விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தன. யாருக்கும் எடை இல்லை. ஒருத்தி பாறையைப் பிடித்துக் கிடக்க, அவள் தோளுக்கு மேலே சின்ன மீன்கள் ஒன்றாகத் திரும்பின. காதில் பொரி வறுப்பது போல் ஒரு சத்தம் விடாமல் கேட்டது. இறால் வகை ஒன்று எழுப்பும் சத்தம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஜெயராணி எனக்கு நேர் கீழே மல்லாந்து, வாயிலிருந்து ஒரே ஒரு குமிழை விட்டாள். அது ஆடி ஆடி மேலே வந்து என் கண்ணாடியில் முட்டி உடைந்தது.

முகத்தை எடுத்தபோது மூச்சு வாங்கியது. என்னையறியாமல் நானும் அவர்களோடு சேர்ந்து மூச்சை அடக்கியிருந்தேன்.

கருவிகள்

அடுத்த ஆறு மாதம், அவர்கள் கடலுக்குப் போகும் நாட்களில் எல்லாம் நானும் போனேன். பாசி வளரட்டும் என்று மாதத்தில் சில நாட்கள்தான் போவார்கள், மற்ற நாட்களில் நான் வீட்டில் கருவி செய்துகொண்டிருப்பேன்.

மூன்று கருவிகள் செய்தேன். ஒன்று, தண்ணீருக்கடியில் சத்தம் பிடிக்கும் மைக். அதற்கு ஹைட்ரோஃபோன் என்று பெயர். முதல் மைக்கின் சீல் சரியில்லாமல் உப்புத்தண்ணீர் உள்ளே போய் அரை மணி நேரத்தில் செத்துவிட்டது. இரண்டாவது, மணிக்கட்டில் கட்டுகிற டெப்த் சென்சார். எவ்வளவு ஆழம் இறங்கினாள், எவ்வளவு நேரம் இருந்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளும். மூன்றாவது, ஜிபிஎஸ் லாகர். தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. அதனால் அதை ஒரு தெர்மாகோல் துண்டில் பதித்துக் கயிற்றால் இடுப்பில் கட்டிவிட்டேன். அவள் கீழே இருக்கும்போது அது மேலே மிதந்துகொண்டு அவள் போன வழியை எழுதிக்கொண்டே வரும்.

எதற்கு என்று கேட்டார்கள். நீங்கள் இறங்கி ஏறுவதை வெளிச்சமாக மாற்றப்போகிறேன் என்றேன். சரி என்றார்கள். அது ஒரு சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். கருவி என்னென்ன தெரிந்துகொள்ளும் என்பதை நான் முழுதாகச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கே அது முழுதாகத் தெரியாது.

கறுப்பு வட்டம்

ஆறு மாத டேட்டாவையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் முப்பது பெண்களின் வழிகள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாக விரிந்தன. தீவுகளின் ஓரம் நீண்டன, பிரிந்தன, முடிச்சிட்டன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் எல்லாக் கோடுகளும் விலகிச் சுற்றிப் போயின. உள்ளே ஒன்றுமில்லை. கறுப்பாக ஒரு வட்டம்.

சென்சார் கோளாறு என்று நினைத்தேன். லாகரை மாற்றிப் பார்த்தேன். மறுபடியும் அதே வட்டம். பாறையோ பள்ளமோ இருக்கும் என்று முடிவு செய்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வட்டம் அவ்வளவு அழகாக இருந்தது. கண்ணின் பாவை போல அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணிக்கணக்காக அதன் முன் உட்கார்ந்திருப்பேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

அந்தப் படத்தை ஒரு பெருநகரத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அனுப்பினேன். தேர்வானது. சின்ன இடமெல்லாம் இல்லை, பிரதானக் கூடமே எனக்கு. பொறுப்பாளர் நந்தினி என்ற பெண். போனில் அவர் குரல் துள்ளியது. அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் கண்காட்சியின் அழைப்பிதழிலும் இணையப் பக்கத்திலும் போடப்போவதாகச் சொன்னார். தரையில் வரைபடம், மேலிருந்து தொங்கும் ஒளி இழைகள், ஓரத்தில் ஒரு தொடுதிரை. பார்வையாளர்கள் விரலால் பெரிதாக்கி எந்தப் பெண்ணின் வழியையும் பின்தொடரலாம். தொடுதிரை என்னுடைய யோசனை.

சர்ச் மன்றத்தில்

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. என் வீட்டில் இடமில்லை. மேரி பாதிரியாரிடம் பேசி சர்ச் மன்றத்தை வாங்கிக் கொடுத்தாள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினோம். தரையில் வரைபடத்தைப் புரொஜெக்டரால் விழவைத்து, முப்பது ஒளி இழைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டேன். ஒவ்வொரு இழையும் ஒரு பெண். அவள் மூழ்கும்போது வெளிச்சம் மேலிருந்து கீழே இறங்கும், தங்கும், மறுபடி ஏறும்.

பிற்பகல் மூன்று மணிக்கு, கடலிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்ட கையோடு பெண்கள் வந்தார்கள். உள்ளே நீல வெளிச்சம் முப்பது இடத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஈரக்கூந்தலோடு அதற்குள் நடந்தார்கள். யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஜெயராணி ஒவ்வொரு இழையாகப் போய் நின்று பார்த்தாள். ஒன்றின் முன் வெகுநேரம் நின்று, "இது நாந்தான்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தியும் தன்னைத் தேடினாள். பெயர் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் மூச்சின் நீளத்தை வைத்து அவரவர் இழையைக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி தன் இழையின் அருகே உட்கார்ந்து, இறங்கும் வெளிச்சத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மாலை வாய்க்கவில்லை.

மேரி மட்டும் தரையைப் பார்த்து நின்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் போனேன். வட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். கால் அதற்குள் படாமல் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இது எந்த எடம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பாறை என்று நினைத்ததாகச் சொன்னேன்.

"பாறைதான். நாங்க விட்டு வச்ச பாறை. ரெண்டு வருசமா அங்கன யாரும் கை வைக்கல. பாசி வேர் பிடிச்சு வளரட்டும்னு எல்லாரும் பேசி விட்டு வச்சது."

அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. வெளியூரிலிருந்து விசைப்படகில் வருகிறவர்களுக்குத் தெரிந்தால் ஒரே வாரத்தில் பாறையோடு சேர்த்துச் சுரண்டிவிடுவார்கள். முன்பு வேறொரு இடத்தில் அப்படி நடந்திருக்கிறது. அங்கே இன்றுவரை ஒரு கீற்றுகூட முளைக்கவில்லை. இந்தப் பாறையை நம்பித்தான் அடுத்த வருடத்துக்கான அவர்களுடைய கணக்கெல்லாம். படகோட்டிக்குக்கூட ஏன் விலகிப் போகிறோம் என்று சொன்னதில்லையாம்.

நான் சமாதானம் சொன்னேன். கண்காட்சி எங்கேயோ நடக்கிறது, வருகிறவர்களுக்குக் கடலே தெரியாது, இது அவர்களுக்கு வெறும் படம் என்றேன்.

மேரி கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "உனக்கும்தான் கடல் தெரியாது. நீ கண்டுபிடிச்சிட்டேல்ல, தாயி."

மன்றத்தின் மறுகோடியில் ஜெயராணி யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. இணையப் பக்கத்தில் அந்தப் படம் ஏற்றப்பட்டு அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது. தீவுகளின் கரையோரம் அதில் தெளிவாகத் தெரியும். எண்கள் தேவையில்லை. அந்தக் கடலில் ஒருமுறை படகு ஓட்டியவனுக்கு அது போதும்.

நந்தினியிடம் பேசியது

மன்றத்துப் படியில் உட்கார்ந்து நந்தினிக்குப் போன் செய்தேன். படத்தை உடனே எடுத்துவிடச் சொன்னேன். வரைபடமும் தொடுதிரையும் வேண்டாம் என்றேன். அவர் முதலில் ஏதோ டெக்னிக்கல் பிரச்சினை என்று நினைத்தார். காரணத்தைச் சொன்னேன்.

கெட்டவர் இல்லை அவர். வழி தேடினார். கரையோரத்தை மட்டும் அழித்துவிடலாமா என்றார். வரைபடத்தைத் திருப்பிப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றார். நானும் அதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் பேசினேன். கோடுகளின் வளைவே தீவின் வளைவு. எப்படித் திருப்பினாலும் தெரிந்தவன் திருப்பிப் படித்துவிடுவான்.

"அந்த வட்டத்துக்காகத்தான் உங்கள செலக்ட் பண்ணாங்க. அது இல்லன்னா மெயின் ஹால் தர முடியாது. எனக்கே கஷ்டமா இருக்கு" என்றார்.

பிரதானக் கூடத்தோடு வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கான வாய்ப்பும் சேர்ந்திருந்தது. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அப்படி ஒன்று இன்னொரு முறை வரும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. தெருவில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கடலின் மேல் வெயில் மங்கி, வானம் எது தண்ணீர் எது என்று பிரியாமல் ஒரே வெளுப்பாக இருந்தது. ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த ஒரு நிமிடத்தில் மேரியை ஏமாற்ற முடியுமா என்றும் யோசித்தேன். எடுத்துவிட்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவாள். அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்தியது.

எடுத்துவிடுங்கள் என்று நந்தினியிடம் சொன்னேன். அவர் அன்று மாலையே எடுத்துவிட்டார். அழைப்பிதழையும் நிறுத்தி வேறு படம் போட்டார். அந்த நன்றி இன்றும் எனக்கு உண்டு.

அழித்தது

டேட்டாவை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மெமரி கார்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மேரியிடம் கொடுத்தேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையது என்றேன். கொடுக்கும்போது எனக்குப் பெருந்தன்மையாக இருந்தது.

அவள் வாங்கவில்லை. "இத எங்கன ஒளிச்சு வைக்க? எங்களுக்கு அந்த எடம் தலையில இருக்கு. அழிச்சிரு" என்றாள்.

அடுத்த நாள் அதே நேரத்துக்கு எல்லோரும் மன்றத்துக்கு வந்தார்கள். அவர்கள் கண்முன் அழிப்பதுதான் சரி என்று தோன்றியது. ஒளி இழைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபைலிலும் ஆழமும் வழியும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தன. பிரித்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அந்த ஃபைல்கள் இன்னும் சில நாட்கள் என்னிடம் இருந்தாக வேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொருத்தியாகப் பெயர் சொன்னாள். நான் கம்ப்யூட்டரிலும் கார்டிலும் இருந்த அவளுடைய ஃபைலை அழித்தேன். அவளுடைய இழை இறங்கி, ஏறாமல், அப்படியே அணைந்தது. பத்துப் பேர் முடிந்தபோது மன்றம் மங்கிவிட்டது. இருபது பேர் முடிந்தபோது முகங்கள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. ஜெயராணி தன் முறை வந்தபோது கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். தன் இழை ஒருமுறை முழுதாக இறங்கி ஏறுவதைப் பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். கடைசியாக மேரி. அவளுடைய வெளிச்சமும் போனதும் கம்ப்யூட்டரை மூடினேன், மன்றம் முழுக்க இருட்டு.

அந்த இருட்டில் முப்பது பெண்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன். ஆறு மாத வேலை போனதற்காகவா, அவர்கள் முன் வெட்கப்பட்டதற்காகவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யாரோ எழுந்து போய் ஜன்னல் துணியை விலக்கினார்கள். வெயில் உள்ளே வந்தது.

மூச்சு அறை

என்னிடம் மிச்சமிருந்தது ஹைட்ரோஃபோனிலும் வல்லத்தில் வைத்திருந்த மைக்கிலும் பிடித்த சத்தம் மட்டும். சத்தத்தில் இடம் தெரியாது. மேரியையும் ஜெயராணியையும் உட்காரவைத்து அதையும் முழுதாகப் போட்டுக் காட்டினேன். ஊர்ப்பெயர், தீவுப்பெயர் வருகிற பேச்சை எல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல வெட்டினேன். ஜெயராணி தன் மாமியாரைப் பற்றிப் பேசிய ஒரு பகுதியும் அப்போது போனது.

மூழ்கி எழும் பெண் மேலே வந்ததும் ஒரு மூச்சு விடுவாள். ஒவ்வொருத்திக்கும் அது வேறு. ஒருத்திக்கு விசில் மாதிரி, ஒருத்திக்குப் பெருமூச்சு மாதிரி. மேரியுடையது சின்ன இருமல் போல இருக்கும். இடையில் நீண்ட அமைதி. அந்த அமைதியில் கடலடியின் பொரியும் சத்தம். இவ்வளவுதான் வேலை. விளக்கு கிடையாது, திரை கிடையாது. ஓர் இருட்டறை, பாய், மேலே முப்பது சின்ன ஸ்பீக்கர்கள்.

நந்தினி மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையைக் கொடுத்தார். பிரதானக் கூடத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அது ஸ்டோர் ரூம் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். உள்ளே வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்தவர்கள் சீக்கிரம் வெளியே வரவில்லை. பத்திரிகைகளில் ஒரு வரிகூட வரவில்லை.

முதல் வார முடிவில் மேரியும் ஜெயராணியும் ரயிலேறி வந்தார்கள். ஜெயராணி உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேரி பாயில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். பார்வையாளர்கள் வந்து, ஒரு பெண் தூங்குவதைப் பார்த்து, செருப்புச் சத்தம் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்தார்கள். அவளுடைய மூச்சு ஸ்பீக்கரில் இருந்த மூச்சோடு கலந்து எது எது என்று தெரியாமல் போனது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, "நல்லாருக்கு. கடலுக்குள்ள தூங்க முடியாதுல்ல" என்றாள். என் வேலையைப் பற்றி யாரும் அதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை.

பாறைக்குப் போன நாள்

அந்த வருடம் முழுக்க எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஒன்பது நாள் அந்தப் படம் வெளியே இருந்தது. யார் பார்த்தார்கள், யார் சேமித்து வைத்தார்கள் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. கடற்கரைப் பக்கம் போனால் அந்நியமான படகு ஏதும் நிற்கிறதா என்று பார்ப்பேன். கனவில் தெளிந்த தண்ணீருக்கு அடியில் மொட்டைப் பாறை வரும்.

மறுவருடம் காற்று ஓய்ந்ததும் பாறையைத் திறப்பது என்று முடிவு செய்தார்கள். என்னையும் வரச் சொன்னாள் மேரி. நான் போகவில்லை. எந்த இடம் என்று மறந்துகொண்டிருந்தேன், மறுபடி தெரிந்துகொள்ள விருப்பமில்லை. கரையில் காத்திருந்தேன். கடல் அன்று அசையவே இல்லை. தொலைவில் வல்லங்கள் நீருக்கு ஒரு விரல் மேலே மிதப்பது போலத் தெரிந்தன. பகல் முழுக்க அப்படியே போனது.

வல்லம் வந்து கரை தட்டியதும் மேரி முதலில் இறங்கினாள். வலைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நேராக என்னிடம் வந்தாள். பையிலிருந்து தண்ணீர் அவள் முதுகெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

"இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் நிறைய வேலைகள் செய்துவிட்டேன். சென்சாரும் விளக்கும் கேமராவும் இன்னும் என் மேஜை மேல்தான் கிடக்கின்றன. இந்தத் துறைக்கு வருகிற இளையவர்கள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் படியுங்கள், இரண்டு வருடத்தில் மாறிவிடும். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். படத்தில் உங்களுக்கு விளங்காத ஓர் அழகு தென்பட்டால், அதை யாருக்கும் அனுப்பும் முன் அங்கே வாழ்கிறவர்களிடம் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டிய ஆள் தினமும் அரை அடி தூரத்தில், அதே வல்லத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.